காய்ந்தால் எண்ணெய், நனைந்தால் முளை

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் ஏறக்குறையப் பாதி வழியில் இண்டூர் வரும். சுற்றிலும் மேடும் பள்ளமுமாக மானாவாரிக் காடு. வானத்தைப் பார்த்து ராகியும் சாமையும் கடலையும் விதைத்த இந்தப் பக்கத்துக் குடும்பங்கள், வரப்போரத்தில் ஒரு வரிசை ஆமணக்கையும் மறக்காமல் ஊன்றி வைத்தன. அதற்கென்று தனியாகத் தண்ணீர் கட்டியவர் கிடையாது. உரம் போட்டவரும் கிடையாது. ராகி அறுத்துப் போரேறிய பிறகும் அது பச்சையாக நின்று குலை தள்ளும். முள்ளு முள்ளாய்க் காய் முற்றியதும் குலையோடு ஒடித்து வந்து வாசலில் காயப்போடுவார்கள். நல்ல வெயிலில் காய் தானாக வெடித்து, காய்க்கு மூன்றாக முத்துகள் சிதறும். பழுப்பும் வெள்ளையும் கலந்து, யாரோ உட்கார்ந்து மை தீட்டியதுபோல் ஒவ்வொன்றிலும் ஒரு கோலம். சேலம், தருமபுரிப் பக்கத்தில் அதற்குப் பெயர் கொட்டமுத்து.

கொட்டமுத்தில் எண்ணெய் எடுக்கும் நாள் தெருவுக்கே தெரிந்துவிடும், வாடை அப்படி. முதலில் முத்துகளை மண்சட்டியில் போட்டுப் பதமாக வறுப்பார்கள். தோல் கறுத்து, உள்ளே எண்ணெய் கசியத் தொடங்கியதும் இறக்கி உரலில் கொட்டி இடிப்பார்கள். உலக்கை ஏறி இறங்க இறங்க முத்து மாவாகி, மாவு களியாகி, உலக்கையின் பூணில் ஒட்டிக்கொண்டு வரும். பெரிய பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். களியை அதில் கரைத்துவிட்டு, அடுப்பைக் குறைத்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அகப்பையால் அதை வழித்து வேறொரு பாத்திரத்தில் ஊற்றி மறுபடி காய்ச்சுவார்கள். எண்ணெயோடு ஒட்டி வந்த தண்ணீர் சடசடவென்று சத்தம் போட்டு வெளியேறும். அந்தச் சத்தம் அடங்கினால் எண்ணெய் பதம். செக்கு தேவையில்லை, மாடு தேவையில்லை. உரலும் சட்டியும் உள்ள எந்த வீட்டிலும் விளக்கெண்ணெய் கிடைத்துவிடும்.

இந்த வேலையில் முதல் படி வறுப்பது. வறுக்காத முத்தை இடித்து வைத்தால் எண்ணெய் சீக்கிரம் காறிப் புளித்துவிடும் என்பது எண்ணெய் எடுத்த பெண்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. ஏன் காறுகிறது என்பதற்கான விடை அந்த முத்துக்குள்ளேயே இருந்தது. அதைத் தேடி ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் மேசையில் வைத்துப் பார்த்ததும் பெரும்பாலும் இதே ஆமணக்கைத்தான்.

எள்ளில் தொடங்கிய பெயர்

தமிழில் எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய் என்பதிலிருந்து வந்தது. தேங்காயிலிருந்து வந்தாலும் கடலையிலிருந்து வந்தாலும், மண்ணுக்கடியிலிருந்து எடுத்த மண்ணெண்ணெயாகவே இருந்தாலும் எள்ளின் பெயரைச் சுமந்துகொண்டுதான் வரவேண்டும். சோழர் காலத்தில் எண்ணெய் வணிகர்களைச் சங்கரப்பாடியார் என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. கோயில் விளக்குக்கு எண்ணெய் அளக்கும் பொறுப்பைப் பல இடங்களில் அவர்கள் ஏற்றிருந்தார்கள். செக்குக்குச் செக்கிறை என்று வரி இருந்தது. ஊர்ப் பொதுவுக்குக் கல்லில் செக்கு செய்து கொடுத்தவர்கள், தங்கள் பெயரை அதன் விளிம்பிலேயே வெட்டி வைத்த சான்றுகள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன.

கோயிலுக்கு நெய்யும் நல்லெண்ணெயும் எரிந்தன. குடிசைக்கு ஆமணக்கு எரிந்தது. விளக்கெண்ணெய் என்ற பெயரே அதற்குச் சாட்சி. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் வயிற்றுக்குக் குடிப்பதும், கண் எரிச்சலுக்கு உச்சியில் வைப்பதும், பூச்சி பிடிக்காமல் பருப்பில் தடவி வைப்பதும்தான் நினைவுக்கு வரும். பெயர் வைத்த காலத்தில் அதன் முதல் வேலை மாடத்தில் எரிவது. நிதானமாக, புகை அதிகமில்லாமல், மெல்ல எரியும் எண்ணெய் அது.

1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி தருமபுரி அடங்கிய பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் தலைமையில் நிலம் அளக்க வந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை பாரமகாலில் வேலை பார்த்த அவர் தருமபுரியில் தங்கி, ஆசையாக ஒரு தோட்டமும் போட்டார். உழவரிடமே நேராக நிலவரி வாங்கும், பிறகு அவர் பெயரோடு சேர்ந்துவிட்ட ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் விழுந்தது இந்தப் புன்செய்க் காடுகளை வயல் வயலாக அளந்தபோதுதான். அடுத்த சில ஆண்டுகளில், 1800–1801இல், பிரான்சிஸ் புக்கானன் மைசூர் நாட்டை ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். பார்த்த பயிரையும் தொழிலையும் ஒன்று விடாமல் எழுதிவைத்த அவர், ஆமணக்கை வறுத்து, இடித்து, நீரில் வேகவைத்து எண்ணெய் எடுப்பதையும் பதிந்து வைத்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அவர் எழுதிய முறைக்கும் இந்தப் பக்கத்துப் பாட்டிமார்கள் செய்த முறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

எண்ணெய் விதைகளில் இந்த மாவட்டத்துக்கு இன்னொரு சொத்தும் உண்டு. மலையோரக் காடுகளில் மஞ்சள் பூவாய்ப் பூத்துக் கிடக்கும் பேயெள். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் அதை ஹுச்செள்ளு என்கிறார்கள். பித்துப்பிடித்த எள் என்று பொருள். எந்த மண்ணில் வீசினாலும் முளைத்துவிடுவதால் இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரிப் பெயர் வைத்துவிட்டார்கள் போலும். கிருஷ்ணகிரி மாவட்டம் பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் ‘பையூர் 1’ என்று பேயெள்ளில் ஒரு ரகத்தையே வெளியிட்டிருக்கிறது.

மார்சேய்க்குப் போன கடலை

விதை ஈரம் பட்டால் எண்ணெய் என்ன பாடுபடும் என்பதைத் தமிழ்நாட்டு வணிகர்கள் பெருநஷ்டம் கொடுத்துக் கற்றது நிலக்கடலையில்.

தென்னமெரிக்காவில் பிறந்த கடலை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தென்னாற்காட்டிலும் புதுச்சேரியைச் சுற்றியும் வேகமாகப் பரவியது. காரணம், கடலுக்கு அப்பால் பிரான்சின் மார்சேய் நகரில் இருந்த எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும். அங்கே கடலைப் பருப்பு எவ்வளவு வந்தாலும் போதவில்லை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கடலை ஓட்டோடு போனது. இங்கிருந்து போகும் தூரம் அதிகம். ஓட்டோடு ஏற்றினால் கப்பலில் இடம் வீண். அதனால் உடைத்துப் பருப்பாக அனுப்பினார்கள். கையால் உடைப்பதற்கும் தடியால் அடித்து உடைப்பதற்கும் தோதாக, ஓடு இளகட்டும் என்று காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் வந்தது.

அந்தத் தண்ணீர்தான் வினையாயிற்று. ஈரம் ஏறிய பருப்பு சாக்குக்குள், சாக்கு கப்பலின் அடித்தட்டுக்குள், வாரக்கணக்கில் புழுங்கியது. பூஞ்சையும் விதையின் சொந்த நொதிகளும் சேர்ந்து எண்ணெயைக் கொழுப்பு அமிலமாக உடைத்தன. மார்சேயில் சாக்கைப் பிரித்தால் காறல் வாடை. ஆப்பிரிக்கக் கடலையில் சாப்பாட்டு எண்ணெய் ஆட்டினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த கடலையைச் சோப்புக்கு ஒதுக்கினார்கள். விலையும் அதற்கேற்பக் குறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் தெளிக்காமல் உடைக்கும் இயந்திரங்கள் பரவிய பிறகுதான் இந்த அவப்பெயர் மெல்ல மறைந்தது.

எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். வேண்டாத இடத்தில் வந்து ஒட்டிக்கொள்பவனைக் குத்திக்காட்டச் சொல்வது. அதன் முதல் பாதியில் எண்ணெய்த் தொழிலின் அடிப்படைப் பாடம் முழுக்க இருக்கிறது: எண்ணெய் வேண்டுமா, விதையைக் காயவை.

விதைக்குள் நடந்த வேட்டை

விதை தனக்காகச் சேர்த்து வைத்த கட்டுச்சோறுதான் எண்ணெய். ராகியும் நெல்லும் அதை மாவாகச் சேர்க்கின்றன. எள், கடலை, ஆமணக்கு, பேயெள் முதலியவை எண்ணெயாகச் சேர்க்கின்றன. ஒரு கிராம் மாவில் உள்ள ஆற்றலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஒரு கிராம் எண்ணெயில் அடங்கும். ஆயிரம் எள்ளை நிறுத்தால் மூன்று கிராம்தான் தேறும். அத்தனை சின்ன மூட்டையில் பயணச் சோறு கட்ட எண்ணெய்தான் தோது. ஆமணக்கு முத்திலும் எள்ளிலும் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்.

ஆனால் முளைக்கு எண்ணெயை அப்படியே தின்ன முடியாது. வேர் நுனியிலும் குருத்திலும் செல்கள் பெருக அதற்குச் சர்க்கரை வேண்டும். எண்ணெய் தண்ணீரில் கரையாது. செல்லுக்குச் செல் அதை ஓடவிட வழியில்லை. எண்ணெய் எப்படிச் சர்க்கரையாகிறது?

1859இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் ஒன்றைக் கவனித்தார். எண்ணெய் விதைகள் முளைக்கும்போது எண்ணெய் குறையக் குறைய, அதுவரை இல்லாத மாவுப்பொருளும் சர்க்கரையும் திசுக்களில் தோன்றின. ஒன்று மற்றொன்றாகிறது என்பது தெரிந்துவிட்டது. வழிதான் தெரியவில்லை.

1890இல் இங்கிலாந்தில் ரெனால்ட்ஸ் கிரீன் முளைக்கும் ஆமணக்கை ஆராய்ந்து, கொழுப்பைப் பிளக்கும் ஒரு நொதி அதில் இருப்பதைக் காட்டினார். இன்று லைப்பேஸ் என்று சொல்வது அதைத்தான். காய்ந்த முத்திலேயே அது காத்திருக்கிறது. இடித்து லேசான அமிலத்தில் வைத்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடுகிறது. 1902இல் பெர்லினில் கான்ஸ்டைன், ஹோயர், வார்ட்டன்பெர்க் என்ற மூவர் இதையே தொழிலாக்கினார்கள். ஆமணக்கு முத்தை அரைத்து வேறு எண்ணெய்களோடு கலந்து, சிறிது அமிலம் சேர்த்து, சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் வேண்டிய கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்தார்கள். பெர்லின்காரர்கள் விரும்பி எழுப்பிய அதே நொதியை இங்கே பெண்கள் மண்சட்டியில் வறுத்து அடக்கினார்கள். சூடு ஏறினால் லைப்பேஸ் செயலிழந்துவிடும். அதன்பின் எண்ணெயை உடைக்க அங்கே ஆளில்லை. கொட்டமுத்தில் உள்ள கொடிய நஞ்சான ரைசினையும் சூடு சிதைத்துவிடுகிறது.

எண்ணெய் உடைந்து கொழுப்பு அமிலம் ஆவது பாதிக் கதை. கொழுப்பு அமிலம் சர்க்கரை ஆவதுதான் மீதிக் கதை. அங்கேதான் அறிஞர்கள் நெடுநாள் முட்டிக்கொண்டு நின்றார்கள். உடலுக்குள் கொழுப்பு இரண்டிரண்டு கரி அணு கொண்ட துண்டுகளாக நறுக்கப்படுகிறது என்பது தெரியும். ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டுபிடித்த, 1953இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த சுழற்சிக்குள் அந்தத் துண்டு நுழைந்தால், ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டு கரி அணுவும் கரியமில வாயுவாக வெளியே போய்விடும். வந்தது இரண்டு, போனது இரண்டு. சர்க்கரை கட்டக் கையில் ஒன்றும் மிஞ்சாது. மனித உடலில் இதுதான் நிலைமை: சேர்த்துவைத்த கொழுப்பை எரித்து ஆற்றல் பெறலாம், ஆனால் அந்தக் கொழுப்பு அமிலத்திலிருந்து சர்க்கரையைக் கட்டி எழுப்ப நம் உடலால் இயலாது.

1957இல் விடை கிடைத்தது. கிரெப்ஸும் அவரோடு ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்த ஹான்ஸ் கோர்ன்பெர்கும் நுண்ணுயிர்களில் ஒரு குறுக்குவழியைக் கண்டார்கள். இருவருமே ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் வேர்பிடித்தவர்கள். அதே ஆண்டில் கோர்ன்பெர்க், தாவரவியலாளர் ஹாரி பீவர்ஸோடு சேர்ந்து, முளைக்கும் ஆமணக்கிலும் அதே குறுக்குவழி இருப்பதைக் காட்டினார். கரி அணுக்கள் வாயுவாகக் கழன்றுபோகும் அந்த இரண்டு படிகளையும் விதை தாண்டிக் குதித்துவிடுகிறது. அதற்கென்றே இரண்டு தனி நொதிகளை வைத்திருக்கிறது. இரண்டு துண்டுகள் உள்ளே போனால் நான்கு கரி அணு கொண்ட ஒரு பொருள் வெளியே வரும். அதிலிருந்து சர்க்கரை கட்டும் வழியில் ஒரே ஒரு கரி அணு வாயுவாகிறது. மீதி மூன்றும் சர்க்கரைக்குள் போய்ச் சேர்கின்றன. நாலில் மூன்று தங்குகிறது. இதற்குக் கிளையாக்சைலேட் சுழற்சி என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த பத்து ஆண்டுகள் பீவர்ஸ் ஆமணக்கை விடவில்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில், இருட்டில் முளைக்கவைத்த ஆமணக்கின் வெண்சதையை நசுக்கி, வெவ்வேறு அடர்த்தியுள்ள சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்டு, வேகமாகச் சுழற்றிப் பிரித்துப் பார்த்தார்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா ஒரு மட்டத்தில் நின்றது. அதற்குக் கீழே, அதைவிடக் கனமாக, அதுவரை யாரும் பெயரிடாத நுண்துகள்கள் ஒரு தனிப் பட்டையாகத் தங்கின. குறுக்குவழிக்கான நொதிகள் அந்தப் பட்டையில் இருந்தன. 1967இல் பிரைடன்பாக்கும் பீவர்ஸும் அதை உலகத்துக்கு அறிவித்து, கிளையாக்ஸிசோம் என்று பெயர் சூட்டினார்கள். எண்ணெயை இரண்டிரண்டாக நறுக்கும் வேலையும் அதே அறைக்குள்தான் நடக்கிறது என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளில் உறுதியாயிற்று.

உயிரணுவின் ஓர் உறுப்பு உலகுக்கு முதன்முதலில் அறிமுகமானது கொட்டமுத்துக்குள்ளிருந்து. வரப்போரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நின்ற செடிக்கு இந்தப் பெருமை உண்டு.

எட்டு நாள்

மண்ணைக் கிளறிப் பார்த்தால் இந்த மாற்றம் கண்ணிலேயே தெரியும்.

ஊன்றிய முத்தில் ஈரம் ஏறி முதலில் ஊதுகிறது. முனையில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் முண்டுக்கு அருகே ஓடு வெடித்து வேர் கீழே இறங்குகிறது. இந்த முண்டிலும் எண்ணெய்ச் சத்து உண்டு. காட்டில் எறும்புகள் அதற்காகத்தான் முத்தை இழுத்துப்போகின்றன. ஓட்டுக்குள்ளே வெள்ளைச் சதை இரண்டு பாளமாக இருக்கும். அவற்றுக்கு நடுவே காகிதம்போல் மெல்லிய விதையிலைகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கும். எண்ணெய் முழுக்க அந்த வெண்சதையில். அங்கேதான் அது சர்க்கரையாக மாறுகிறது. நடுவில் படுத்திருக்கும் விதையிலைகள் அந்தச் சர்க்கரையை உறிஞ்சி வேருக்கும் தண்டுக்கும் அனுப்புகின்றன. நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை வேலை உச்சத்தில் நடக்கும். தண்டு கொக்கிபோல வளைந்து மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வரும். எட்டு நாளைக்குள் வெண்சதை வற்றிச் சக்கையாகி, விதையிலையின் மேல் ஒரு காய்ந்த தொப்பிபோலத் தொங்கும். கையால் எடுத்து நசுக்கினால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கே இருக்காது.

இந்த வேலைக்கு நிறையக் காற்று வேண்டும். சர்க்கரையில் உயிர்வளி அதிகம், எண்ணெயில் மிகக் குறைவு. குறைவை வெளியிலிருந்து இழுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். அதனால் முளைத்த முதல் சில நாள்களில் ஆமணக்கு முளையைக் காயவைத்து நிறுத்தால், விதைத்த முத்தைவிடச் சற்றே கூடுதல் எடைகூட இருக்கும். காற்றை மூச்சாக இழுத்து உடம்பில் சேர்த்துக்கொண்ட எடை அது. எள்ளை ஆழமாக மூடாதே என்றும், விதைத்ததும் பெருமழை அடித்து மண் இறுகினால் கடலை அழுகிவிடும் என்றும் விவசாயிகள் சொல்வதில் இந்த மூச்சுக் கணக்கு இருக்கிறது. எள் விதைக்கும்போது மணலைக் கலந்து தூவி, மேலாக ஒரு முள்ளை இழுத்து மூடுவார்கள். அந்தப் பொடி விதையிடம் இருக்கும் எண்ணெய் மண்ணின் மேல்தோலைத் தாண்டத்தான் போதும்.

வீட்டுக்குள்ளும் இதைப் பார்க்கலாம். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் நவதானியத்தை முளைக்கவிடும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் உண்டு. அந்த ஒன்பதில் எண்ணெய் விதை என்று இருப்பது எள். இருட்டறையில் வைத்து நீர் தெளித்தால் முளைகள் பச்சையே இல்லாமல் வெளிர் மஞ்சளாக உயரும். வெயிலிலிருந்து ஒரு துளிகூட வாங்காமல், முழுக்க முழுக்கத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோற்றில் வளர்ந்த வளர்த்தி அது. வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்தால்தான் பச்சை ஏறும். வெள்ளரி, சூரியகாந்தி முதலியவற்றின் விதையிலைகளில் அப்போது கிளையாக்ஸிசோம்களும் வேலை மாறுகின்றன. எண்ணெயை உடைத்த அறைகள் இலைக்கு வேண்டிய வேறு நொதிகளால் நிரம்புகின்றன.

தூங்காத கடலை

எண்ணெய்க்காரருக்கு விதை விழிக்கக் கூடாது. விவசாயிக்கு வேளை பார்த்து விழிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கஷ்டம் கொடுத்தது கொத்துக்கடலை.

கொடிக்கடலைக்கு விதை உறக்கம் உண்டு. பிடுங்கிய பிறகும் சில வாரங்கள் நனைந்தாலும் முளைக்காது. கொத்துக்கடலைக்கு அந்த உறக்கம் கிடையாது. குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்த டிஎம்வி 2 நாடெங்கும் பரவியது. குறைந்த நாளில் விளையும், பிடுங்குவதும் சுலபம் என்பதால் மானாவாரிக்காரர்களுக்கு அது வரமாக வந்தது. ஆனால் அறுவடை நேரத்தில் நான்கு நாள் மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே காய் முளைத்துவிடும். பிடுங்கிப் பார்த்தால் ஓட்டைப் பிளந்து வெள்ளை முளை நீட்டியிருக்கும். அதை விதைக்கும் வைக்க முடியாது, ஆட்டினாலும் எண்ணெய் நன்றாக இருக்காது. ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் செடியடியிலேயே கரையும்.

விதைக்கடலையைக் காப்பது தனிப் பாடு. பருப்பாக உடைத்து வைத்தால் எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட, முளைப்புத் திறனும் கூடவே போய்விடும். அதனால் ஓட்டோடு மூட்டைகட்டி வைத்து, விதைப்புக்குச் சில நாள் முன்பு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விரலால் உடைப்பார்கள். இயந்திரத்தில் உடைத்தால் பருப்பு கீறும், தோல் உரியும். சட்டென்று அமுக்கி, தோல் உரியாமல், மூக்கு உடையாமல் பருப்பை வெளியே எடுக்கும் அந்த விரல் வேலைக்குத் தனிக் கூலி உண்டு.

விளக்கு அணைந்த பிறகு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் டின்களில் வந்து இறங்கியது. கண்ணாடிச் சிமினிக்குள் பளிச்சென்று எரிந்த அதன் முன்னால் ஆமணக்கு விளக்கு மங்கிவிட்டது. கொட்டமுத்து விளக்கை விட்டு இறங்கி வண்டிக்குப் போனது. இந்திய ரயில்கள் விளக்குக்கும் அச்சு உராய்வுக்கும் நெடுங்காலம் விளக்கெண்ணெயைப் பயன்படுத்தின.  முதல் உலகப்போரில் ஆகாய விமானங்களின் சுழலும் எஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெயைப்போல வேறெதுவும் ஒத்துவரவில்லை. காஸ்ட்ரால் என்ற எஞ்சின் எண்ணெய்ப் பெயருக்குள் இன்றும் காஸ்டர், அதாவது ஆமணக்கு, ஒளிந்திருக்கிறது. அதிக சூட்டிலும் பிசுபிசுப்பு விடாத குணத்துக்குக் காரணம் அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்காக இருக்கும் ரிசினோலிக் அமிலம். வேறெந்தப் பெரும்பயிரிலும் அது இந்த அளவுக்குக் கிடையாது.

இன்று உலகத்தின் ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவிலும், இந்தியாவின் ஆமணக்கில் பெரும்பங்கு குஜராத்திலும் விளைகிறது. 1968இல் அங்கே உருவான ஜிசிஎச் 3 என்ற வீரிய ஒட்டு ரகம் அந்த ஓட்டத்தைத் தொடங்கிவைத்தது. தமிழ்நாட்டில் இந்தப் பயிரைத் தாங்கிப்பிடித்திருப்பது சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து வெளிவந்த ஒய்ஆர்சிஎச் 1 வீரிய ஒட்டு ஆமணக்கு, சேலம், தருமபுரிப் பக்கத்துக் காடுகளை மனதில் வைத்து உருவானது.

கடலைக் காட்டின் ஓரத்தில் ஆமணக்கு இன்றும் காவலுக்கு நிற்கிறது. புரோடீனியா அந்துப்பூச்சி கடலையைவிட ஆமணக்கின் அகன்ற இலையைத்தான் முட்டையிட விரும்பும். முட்டைக் குவியலைப் பார்த்து இலையோடு கிள்ளி அழித்தால் கடலை தப்பும். வேளாண் அலுவலர்கள் இதைப் பொறிப்பயிர் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கை நஞ்சு என்பதால் மாடு தின்னக் கூடாது; நிலத்துக்கு அது நல்ல எரு.

கடையில் புட்டியில் கிடைப்பதை விட்டு வீட்டிலேயே காய்ச்சிய விளக்கெண்ணெய்தான் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைத்தாய்ச்சிகளும், அவர்களுக்காக உரலைக் கழுவும் பாட்டிமார்களும் இந்தப் பக்கத்தில் இன்னும் அற்றுப்போகவில்லை. வெயிலில் காய்ந்த கொட்டமுத்தை முறத்தில் வாரிப் புடைத்து, சொத்தையையும் சுருங்கியதையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பளபளவென்று ஒரு குவியல் நிற்கும். அதில் பெரிதாய், கோலம் தெளிவாய் உள்ள முத்துகளை இரண்டு கைப்பிடி எடுத்து, பழைய துணியில் முடிந்து, மழை படாத எரவாணத்தில் செருகுவார்கள். அடுத்த ஆடி மழைக்கு அது வரப்புக்குப் போகும். மிச்சத்தை முறத்தோடு தூக்கிக்கொண்டு, சூடேறிக்கொண்டிருக்கும் மண்சட்டிக்குப் போவார்கள்.